ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு!

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. குடிக்கிறவங்களைத் திட்டுற பதிவும் இல்லை. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை பீர் குடிக்கிற ஆள் நான். தங்கமணிக்குத் தெரியும். ஊர்ல அம்மாவுக்குத் தெரியாது. (அம்மா கம்ப்யூட்டர் பக்கம் வர மாட்டாங்கன்ற தைரியத்துலதான் எழுதறேன்.) இது ஒரு கணக்குப் பதிவு, அவ்வளவுதான். விருதுநகர்ல பி.காம் முடிச்சுட்டு இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல குப்பை கொட்டுறவன் வேற எதைப் பத்தி எழுதுவான்? :-)

போன வருஷம் லீவ் போட்டு குடும்பத்தோட தம்பி வீட்டுக்கு டென்வர் போயிருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் பெட்ரோல் போட நிறுத்தினான். பங்க்கோட சேர்ந்த கடைக்குள்ள போனா, ஒரு சுவர் முழுக்க கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ். அதுல கண் உயரத்துக்கு நேரா வரிசையா நெட்டை நெட்டையா டப்பாக்கள். ரூம் ஃப்ரெஷ்னர் டப்பாவை விட நெட்டை. எலும்புக்கூடு, டிராகன்னு கலர் கலரா படம்.

"என்னடா இது, கொசு மருந்தா?"

"பீர் அண்ணே. கிராஃப்ட் பீர். 19.2 அவுன்ஸ் கேன். ஆறு கேன் பேக் வாங்க வேண்டாம். தனியா ஒண்ணு எடுத்துக்கலாம். ஒண்ணு போதும்."

ஒண்ணு போதும். இந்த ரெண்டு வார்த்தையைப் பத்திதான் மொத்தப் பதிவும்.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் சாதாரண பீர் கேன் 12 அவுன்ஸ், அதாவது 355 மில்லி. பெரும்பாலும் ஆறு சேர்த்துத்தான் விற்பார்கள். 19.2 அவுன்ஸ் என்பது 568 மில்லி. எங்கிருந்து வந்தது இந்த விசித்திரமான எண்ணுன்னு யோசிச்சேன். பிரிட்டிஷ்காரனோட ஒரு பைண்ட் அப்படியே 568 மில்லிதான். வெள்ளைக்காரன் பப்ல உட்கார்ந்து பெரிய கண்ணாடி கிளாஸில் குடிக்கிற அளவை டப்பாவுக்குள் அடைச்சுட்டாங்க.

கிராஃப்ட் பீர் கேனுக்கு வந்த கதையும் அந்தக் கொலராடோ மாநிலத்தோட சம்பந்தப்பட்டதுதான். ஒரு காலத்தில் சின்ன மதுவடிப்பாளர்கள் எல்லாரும் கண்ணாடி பாட்டில்தான் கௌரவம்னு நினைச்சாங்க. கேன் என்றால் மலிவுச் சரக்கு. லயன்ஸ் என்கிற சின்ன ஊரில் இருந்த ஆஸ்கர் புளூஸ் 2002ல் தன்னோட டேல்ஸ் பேல் ஏல் பீரை கேனில் அடைக்க ஆரம்பிச்சது. ஒவ்வொரு கேனா கையால அடைச்சாங்களாம். அப்புறம் நெட்டை கேனுக்கும் வந்தாங்க, அதுக்கு 'அடுப்புப் புகைக்குழாய்'னு பட்டப்பெயர் வேற. மற்றவர்களும் பின்னாடியே வந்தாங்க. 2019 ஜனவரியில் இருந்து கொலராடோவில் மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் கடை எல்லாத்திலும் முழு வீரியமுள்ள பீர் விற்கலாம்னு சட்டம் மாறியது. தம்பி நிறுத்தின பங்க்கில் அந்த ஃபிரிட்ஜ் இருந்ததுக்கு அதுதான் காரணம்.

நியாயமா பேசணும்னா அந்த நெட்டை கேனில் நல்லது நிறைய இருக்கு. கேனுக்குள்ள வெளிச்சம் போகாது. பீரில் இருக்கிற ஹாப்ஸ் சங்கதி வெளிச்சம் பட்டா கெட்டு ஒரு மாதிரி நாத்தம் அடிக்கும், அந்தத் தொல்லை இல்லை. உடையாது, எடை குறைவு, அலுமினியத்தை உருக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். எல்லாத்துக்கும் மேல, புதுசா ஒரு ருசியைப் பார்க்க ஆறு கேன் வாங்கி, பிடிக்கலைன்னா அஞ்சை என்ன பண்றதுன்னு முழிக்க வேண்டாம். நானும் அப்படித்தான் நினைச்சு ஒண்ணு எடுத்தேன்.

ஆனா பில்லு கைக்கு வந்ததும் கை அரிக்க ஆரம்பிச்சுது. தொழில் புத்தி.

நாங்க எடுத்த நெட்டை கேன் மூன்றரை டாலர். 568 மில்லி, ஆல்கஹால் 9 சதவீதம். தம்பி வழக்கமா வாங்குற ஆறு கேன் பேக் 12 டாலர். 2130 மில்லி, 5 சதவீதம்.

திரவக் கணக்கில் பார்த்தால் 100 மில்லிக்கு பேக் 56 சென்ட், நெட்டை கேன் 62 சென்ட். ஒற்றையாக வாங்குறவன் கொஞ்சம் அதிகம் கொடுக்கிறான், சரி, சில்லறைக்கு அது நியாயம். ஆனா ஆல்கஹால் கணக்கில்? பேக்கில் இருக்கிற சுத்த ஆல்கஹால் 106 மில்லி சொச்சம். நெட்டை கேனில் 51 மில்லி. 10 மில்லி ஆல்கஹாலுக்கு பேக் 1 டாலர் 13 சென்ட், நெட்டை கேன் 68 சென்ட்!

அதாவது ருசிக்காக வாங்குறவனுக்கு இது விலை கூடுதல். போதைக்காக வாங்குறவனுக்கு அடிமாட்டு விலை. ஃபிரிட்ஜில் கண் உயரத்தில் வச்சிருக்கிறது எந்த வாடிக்கையாளருக்காகன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்னொரு கணக்கு. சாதாரண 355 மில்லி, 5 சதவீத கேன் ஒண்ணில் சுமார் 18 மில்லி ஆல்கஹால். நெட்டை கேனில் 51. ஆக, "ஒண்ணு போதும்"னு தம்பி சொன்ன அந்த ஒண்ணு, கிட்டத்தட்ட மூணு. எல்லா நெட்டை கேனும் இப்படி இல்லை, 5 சதவீதத்திலும் வருது. ஆனா பரபரப்பா விற்கிற இம்பீரியல் ஐபிஏ வகையறாக்கள் எல்லாம் 9 சதவீதத்தை ஒட்டித்தான். பக்கத்து ஊர் ஃபோர்ட் காலின்ஸில் பிறந்த நியூ பெல்ஜியம் கம்பெனியின் எலும்புக்கூடு படம் போட்ட வூடூ ரேஞ்சர் இம்பீரியல் ஐபிஏ 9 சதவீதம்.

தம்பிகிட்ட சொன்னேன். "அண்ணே, லீவ்ல வந்தும் ஆடிட் பண்றீங்களே"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். அதோட விட்டுட்டேன். அங்கதான் தப்பு பண்ணினேன்.

சரி, பெங்களூருக்கு வருவோம்.

நான் இங்கே டிரான்ஸ்ஃபரில் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. கம்மனஹள்ளியில் குடியிருக்கோம். ஊரில் டாஸ்மாக் வாசலில் கூட்டத்தில் கையை நீட்டி வாங்குறதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, இங்கே ஏசி கடையில் கூடையை எடுத்துக்கிட்டு நிதானமா லேபிள் படிச்சு வாங்குறது முதலில் பெரிய அதிசயமா இருந்தது. இப்ப கிராஃப்ட் என்ற பெயரில் வரும் கேன்கள் 330 மில்லி, 500 மில்லின்னு ரெண்டு அளவில் கிடைக்குது. நம்ம ஊர் நெட்டை கேன் இந்த 500 மில்லிதான். இங்கே ஆறு கேன் பேக் கணக்கெல்லாம் கிடையாது, எப்பவுமே ஒத்தை ஒத்தையாத்தான் வாங்குறோம்.

டென்வரில் இருந்து திரும்பி வந்து ரெண்டு மாசம் இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மாமனார் சென்னையில் இருந்து லால்பாக் எக்ஸ்பிரஸில் வர்றார், ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவார். ஏழரை மணிக்கு நான் ஒரு 500 மில்லி கேனை உடைச்சேன். கிராஃப்ட் ஸ்டிராங், 8 சதவீதம். கிரிக்கெட் பார்த்துக்கிட்டே மெதுவா குடிச்சு முடிச்சேன். எட்டரைக்குக் கார் சாவியை எடுத்தப்ப தங்கமணி கேட்டாங்க.

"எத்தனை?"

"ஒண்ணுதான்."

போகச் சொல்லிட்டாங்க. ஒண்ணுன்னா ஒண்ணுதானே. நானும் பொய் சொல்லலையே.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் ஒன்றும் ஆகலை. போலீஸும் நிறுத்தலை. மாமா இறங்கினார், பெட்டியை வாங்கினேன், "பிரயாணம் எப்படி மாமா"ன்னு கேட்டேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"ஆட்டோல போயிடலாமே மாப்ளே. கார் இங்கேயே நிக்கட்டும். காலைல வந்து எடுத்துக்கலாம்."

வேற ஒரு வார்த்தை சொல்லலை. ஆட்டோவில் ஊர்க் கதை, மழை, மச்சான் பையன் காலேஜ் அட்மிஷன்னு சாதாரணமா பேசிக்கிட்டு வந்தார். எனக்குத்தான் தொண்டையில் எதுவோ அடைச்ச மாதிரி. வீட்டுக்கு வந்ததும் தங்கமணி என்னைத் தனியா கூப்பிட்டு, "ஒண்ணுதான்னு சொன்னீங்க?"

"ஒண்ணுதான்மா."

"அப்ப அப்பா எதுக்கு ஆட்டோல வந்தார்?"

பதில் இல்லை.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம, டென்வரில் போட்ட அதே கணக்கை என் கேனுக்குப் போட்டேன். 500 மில்லியில் 8 சதவீதம்னா 40 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 31 கிராம். நம்ம ஊர் விஸ்கி 42.8 சதவீதம். அதில் 30 மில்லி சின்ன பெக்கில் 13 மில்லிக்கும் குறைவு. ஆக, நான் குடிச்ச 'ஒண்ணு' மூணு சின்ன பெக்குக்கும் கொஞ்சம் மேலே. "மூணு பெக் போட்டுட்டு ஸ்டேஷன் போயிட்டு வரேன்"னு சொல்லியிருந்தா தங்கமணி சாவியைக் கொடுத்திருப்பாங்களா? நானே கேட்டிருப்பேனா?

மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். ரத்தத்தில் எவ்வளவு ஏறும்னு தோராயமா பார்க்க ஸ்வீடன் நாட்டு விட்மார்க் என்பவர் போட்டு வச்ச சூத்திரம் ஒண்ணு இருக்கு. என் எடை 75 கிலோ. 31 கிராம் ஆல்கஹாலுக்கு 60ஐத் தொடுது. ஒரு மணி நேரத்தில் 15 போல இறங்கும்னு வச்சாலும், வண்டி எடுக்கிறப்ப 45 பக்கம். சாப்பாடு, உடம்பு வாகு எல்லாம் பொறுத்து மாறும்தான். ஆனா 30க்குக் கீழே வந்திருக்க வழியே இல்லை. ஒரே ஒரு கேன். சட்டப்படி நான் குற்றவாளி. பேங்க் ஆபீசர், ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பா, நாப்பத்தாறு வயசு.

எங்க தொழிலில் விண்டோ டிரெஸ்ஸிங்னு ஒண்ணு சொல்வோம். மார்ச் 31 அன்னைக்கு மட்டும் டெபாசிட்டை ஏத்திக் காட்டி, ஏப்ரல் முதல் வாரத்தில் இறக்கி விடுறது. புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணும் நிஜம். ஆனா மொத்தத்தில் பொய். "ஒண்ணுதான்"னு நான் சொன்னது அந்த ஜாதி.

இது என் ஒருத்தன் புத்தி மட்டும் இல்லை, மனுஷ புத்தியே அப்படித்தான் போலிருக்கு. 2006ல் கையர், ரோசின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் அவங்க கூட்டாளியும் ஒரு சோதனை பண்ணி எழுதியிருக்காங்க. பொது இடத்தில் இலவசமா தின்பண்டம் வச்சாங்க. சில நாள் பெரிய துண்டு, சில நாள் அதையே சின்னத் துண்டு. பெரிய துண்டு வச்ச நாளில் மக்கள் மொத்தத்தில் அதிகமா தின்னாங்க. ஏன்னா நாம எடை பார்க்கிறதில்லை, எண்ணிக்கை பார்க்கிறோம். இட்லி சின்னதா இருந்தா ஆறு, பெருசா இருந்தா நாலுன்னு வயித்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறோம்னு நினைச்சுக்கிறோம். நிஜத்தில் அந்த அளவுக்கு மாத்துறதில்லை.

இங்கே ஒரு நண்பர் கேட்டார், "என்ன சார், நம்ம ஊர் பீர் பாட்டில் 650 மில்லி. 500 மில்லி கேனைப் போய் பெருசுன்றீங்களே?" நல்ல கேள்வி. பதில் சொல்றேன்.

650 மில்லி பாட்டில் என்னைக்குமே ஒருத்தனுக்கான அளவா இருந்ததில்லை, எங்க செட்டிலாவது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் மேன்ஷன் ரூமில் ஒரு பாட்டில் வந்தா ரெண்டு டம்ளரும் வரும். சாதாரண 5 சதவீத பீரை ரெண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 16 மில்லி ஆல்கஹால். கேனுக்கு டம்ளர் கிடையாது. கையில் பிடிச்சு வாயில் வைக்கிற சாமான். அதை இன்னொருத்தனுக்கு நீட்ட முடியாது. மறுபடி மூடவும் முடியாது, பாதியை நாளைக்கு வச்சா கேஸ் போய் கழனித் தண்ணி ஆயிடும். காசு கொடுத்தாச்சு, கொட்ட மனசு வராது. ஆக உடைச்சா முடிச்சுத்தான் ஆகணும், தனியாத்தான் முடிக்கணும். 16 மில்லி எங்கே, 40 மில்லி எங்கே!

ஊரை விட்டு வந்த நம்ம மாதிரி ஆட்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதலா பொருந்தும்னு நினைக்கிறேன். இங்கே நமக்கு செட்டு கிடையாது. ஊரில் இருந்தா மச்சான் வருவான், பங்காளி வருவான். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் சோபா, டிவி, கேன். தனியா குடிக்கிறவனுக்குன்னே செஞ்ச அளவு அது. பக்கத்தில் "போதும்டா"ன்னு சொல்ல ஆள் இல்லாத இடத்தில், அந்த வேலையை எண்ணிக்கைதான் செய்யணும். அந்த எண்ணிக்கையிலேயே ஓட்டை விழுந்தா?

அப்ப என்னதான் பண்ணச் சொல்றே? மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, கேன் தயாரிக்கிறவங்களுக்கும் சட்டம் போடுறவங்களுக்கும். எங்க பேங்க்கில் 2024 அக்டோபர் 1ல் இருந்து எந்த சில்லறைக் கடன் கொடுத்தாலும் முக்கிய விவர அறிக்கைன்னு ஒரு தாள் கொடுத்தாகணும். ரிசர்வ் வங்கி உத்தரவு. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம்னு ஒரே எண்ணில் அதில் இருக்கணும். பீர் கேனுக்கும் அப்படி ஒரு எண் வேணும். ஆஸ்திரேலியாவில் 1995 கடைசியில் இருந்தே, இந்த பாட்டிலில் எத்தனை 'ஸ்டாண்டர்டு டிரிங்க்'னு லேபிளில் போட்டாகணும். அங்கே ஒண்ணுன்னா 10 கிராம் ஆல்கஹால். நான் வாங்கின கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எச்சரிக்கை வாசகம் இருந்தது, சதவீதம் இருந்தது, அந்த எண் இல்லை. சதவீதத்தைப் பார்த்து மனக்கணக்கு போடுறவன் குடிக்கிறதுக்கு முன்னாடியே போடணும், குடிச்சப்புறம் எங்கே போடுறது? முன்பக்கம் பெருசா '3'னு போட்டிருந்தா அன்னைக்கு நான் "மூணு"ன்னுதான் சொல்லியிருப்பேன்.

ரெண்டு, வாங்குறவங்களுக்கு. ருசிதான் வேணும்னா 330 மில்லி, 5 சதவீதம் எடுங்க. 16 மில்லி சொச்சம் ஆல்கஹால்தான். விலை கொஞ்சம் கூடத்தான் தெரியும், மில்லிக் கணக்கு போடாதீங்க. கிராஃப்ட் பீர்னு சொல்லி மால்ட் வாசனை, ஆரஞ்சு தோல் வாசனைன்னு ரசிக்கிறவனுக்கு 330 மில்லி தாராளம். பெரிய கேன்தான் வாங்குவேன்னா ரெண்டு டம்ளர் எடுத்து வைங்க. கூடக் குடிக்க ஆள் இல்லைன்னா பெரிய கேன் வேண்டாம். மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தா போதும், ஆறாம் வகுப்புக் கணக்கு. 13 மில்லிக்கு ஒரு சின்ன பெக்.

மூணு, வண்டிச் சாவி. இதில் கணக்கே கிடையாது. குடிச்ச அன்னைக்குச் சாவியைத் தொடாதீங்க. 330ஆ 500ஆ, 5ஆ 8ஆன்னு பேசிக்கிட்டு நிக்காதீங்க. பெங்களூரில் ஆட்டோ கிடைக்கலைன்னு சாக்கு சொல்லாதீங்க, கிடைக்கும், கேட்கிறதைக் கொடுங்க.

"எவ்வளவு குறைவா குடிச்சாலும் அது பாதுகாப்பான அளவு இல்லை"ன்ற அர்த்தத்தில் உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிடுச்சு. அதை மறைச்சுட்டு நான் எழுதலை. விடுறவங்க விடலாம், அதுதான் நல்லது. விடாத என் மாதிரி ஆட்கள், குறைஞ்சபட்சம் என்ன குடிக்கிறோம்னு சரியான எண்ணில் வீட்டில் சொல்லலாம்.

இப்பல்லாம் தங்கமணி "எத்தனை"ன்னு கேட்டா கேன் கணக்கு சொல்றதில்லை. பெக் கணக்கு சொல்றேன். "ஒண்ணேகால்"னு சொன்னா முறைக்கிறாங்க. முறைக்கட்டும். ஃபிரிட்ஜில் 500 மில்லி வர்றது தானா நின்னு போச்சு.

போன மாசம் மாமா மறுபடி வந்தார். அதே லால்பாக், அதே கன்டோன்மென்ட். நான் சாயங்காலம் ஒரு காபி குடிச்சுட்டுப் போயிருந்தேன். பெட்டியை வாங்கினேன். ஒரு நொடி முகத்தைப் பார்த்தார். அப்புறம் பார்க்கிங் பக்கம் அவரே முன்னாடி நடந்து, காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டார்.

இந்தத் தடவையும் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.